ஊருக்கு ஒரு சீனக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் சஸ்காச்சுவன், ஆல்பர்ட்டா பக்கம் காரில் போனால், மணிக்கணக்கில் கோதுமை வயல்தான். நடுவே திடீரென்று ஒரு சிற்றூர் வரும். உயரமான தானியக் கிடங்கு, பெட்ரோல் பங்க், தேவாலயம், தபால் அலுவலகம். அப்புறம் ஒரு சீன ஓட்டல். ஊரில் மொத்தம் சில நூறு பேர் இருப்பார்கள். சீனக் குடும்பம் அந்த ஒன்றுதான். அமெரிக்காவின் மொன்டானா, மிசௌரியிலும் இதே கதை. படிக்கவோ வேலைக்கோ அந்தப் பக்கம் போன நம்மவர்கள், "இந்த அத்துவானத்துக்கு இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?" என்று கேட்காமல் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கேள்வியும் அதன் தம்பி தங்கைகளும் கீழே.

இவர்கள் சீனாவில் எந்தப் பக்கத்துக்காரர்கள்?

1960கள் வரை வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வட்டாரம். தென் சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் தாய்ஷானும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களும். நிலம் குறைவு, வாய்கள் அதிகம், போதாக்குறைக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலவரங்கள். 1849-இல் கலிபோர்னியாத் தங்கம், 1858-இல் கனடாவின் மேற்குக்கரையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபிரேசர் ஆற்றுத் தங்கம், அதன் பிறகு ரயில் பாதை வேலை என்று ஆண்கள் கப்பலேறினார்கள். கனடியன் பசிபிக் ரயில் பாதையில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட சீனர்கள் வேலை செய்தார்கள்.

அவர்கள் அனுப்பிய பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் தாய்ஷானுக்குப் பக்கத்து மாவட்டமான கைபிங்குக்குப் போக வேண்டும். நெல்வயல் நடுவே ரோமானியத் தூண், பிரிட்டிஷ் இந்தியக் குவிமாடம் எல்லாம் வைத்து ஐந்தாறு மாடிக் கோபுர வீடுகள். 1,800-க்கும் மேல் இன்னும் நிற்கின்றன. 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பர்மாப் பணத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டியவர் கடல் கடந்து எங்கோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பரம்பரையாகச் சமையல் தெரிந்தவர்களா?

இல்லை. பெரும்பாலோர் விவசாயிகள். ஊரில் அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் பலர். ரயில் பாதை முகாமிலும் மரவெட்டி முகாமிலும் வெள்ளைக்காரர் வீடுகளிலும் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டது அந்தச் சமையல். அதனால் முதலில் தெரிந்ததே முட்டை, இறைச்சித் துண்டு, ஆப்பிள் பை, காப்பி ஆகியவைதான்.

வேறு தொழில் ஏன் செய்யவில்லை? பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1875-இலேயே சீனர்களின் வாக்குரிமையைப் பறித்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வக்கீலாக முடியாது, மருந்துக் கடை வைக்க முடியாது. சுரங்கத்திலும் ஆலையிலும் வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் விடவில்லை. துணி வெளுப்பதும் சோறு ஆக்குவதும் பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுக்கிவைத்தவை. போட்டிக்கு ஆள் இல்லை. ஆகவே ஒரு தலைமுறைக்கு லாண்டரி, அடுத்த தலைமுறைக்கு ஓட்டல். சீனர்களுக்குச் சமையல் ரத்தத்திலேயே ஊறியது என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை நீட்டுங்கள்.

சீனர்களுக்கு எதிரான சட்டங்கள் என்னென்ன? அதற்கும் ஓட்டலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கனடா ரயில் பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பரில் அறையப்பட்டது. அதே ஆண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி. வேலை முடிந்ததும் கூலிக்காரன் வேண்டாதவனாகிவிட்டான். வரி 1900-இல் 100 டாலர், 1903-இல் 500 டாலர் ஆயிற்று. அன்றைக்கு அது ஒரு கூலியாளின் ஓரிரு ஆண்டுச் சம்பாத்தியம். சுமார் 81,000 பேர் மொத்தம் 2 கோடியே 30 லட்சம் டாலர் கட்டினார்கள். அதற்கும் அடங்காமல் வந்தார்கள் என்று 1923-இல் கதவையே சாத்தினார்கள். 1947 வரை 24 ஆண்டுகளில் உள்ளே விடப்பட்டவர்கள் 50 பேருக்கும் குறைவு. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1, கனடாவின் தேசிய நாள். சீனர்கள் அதை அவமான நாள் என்று சொல்லி அன்றைக்குக் கடையை அடைத்தார்கள்.

அமெரிக்கா 1882-இலேயே சீனத் தொழிலாளர்களைத் தடுத்துவிட்டது. ஆனால் வணிகர்களுக்கு விலக்கு இருந்தது. வணிகர் என்றால் ஊருக்குப் போய்வரலாம், மனைவி மக்களைக் கூட்டிவரலாம். ஓட்டல் முதலாளி வணிகரா, தொழிலாளியா? 1915-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் வணிகர்தான் என்றது. அதோடு ஓட்டல் ஒரு விசாவாகிவிட்டது. நியூயார்க்கில் 1910-க்கும் 1920-க்கும் இடையில் சீன ஓட்டல்கள் நான்கு மடங்கு பெருகியதற்கு நியூயார்க்காரர்களின் நாக்கு மட்டும் காரணமில்லை.

நிபந்தனைகளும் இருந்தன. கடை உயர்தரமாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர் ஓராண்டு நிர்வாகம் மட்டும் பார்க்க வேண்டும். கரண்டி பிடிக்கக்கூடாது, பரிமாறக்கூடாது, கல்லாவிலும் உட்காரக்கூடாது. அதற்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் சாட்சி சொல்ல வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டுக் கடை வைத்தார்கள். முறை வைத்து ஆளுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மேனேஜர் ஆனார்கள். தன் முறை முடிந்தவர் விசாவோடு மறுபடி அடுப்படிக்குப் போனார். கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துக் குடியேற்ற அதிகாரிகள் மோசடி என்று எழுதினார்கள்.

கனடாவின் 1923 சட்டமும் வணிகர்களுக்கு இடம் விட்டது. ஆனால் ஓட்டல், லாண்டரி, தங்கும் விடுதியோடு தொடர்புள்ள எவரும் வணிகர் ஆகமாட்டார் என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்கா தெரியாமல் திறந்துவைத்த ஜன்னலைக் கனடா தேடிப் போய் ஆணியடித்து மூடியது.

அப்படியானால் குடும்பம்?

குடும்பம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. 1947-க்கு முன் கனடாச் சிற்றூர்ச் சீனக் கடை என்றால் பெரும்பாலும் ஓர் அண்ணன், ஒரு சித்தப்பா, ஒன்றுவிட்ட தம்பி. எல்லாரும் ஆண்கள். மனைவி தாய்ஷானில். பத்தாண்டுக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு பிள்ளை பிறந்திருக்கும். அது அப்பாவைப் பார்க்கும்போது மீசை முளைத்திருக்கும்.

வேலைக்கு உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் சட்டம். சஸ்காச்சுவன் 1912-இல், சீனர் கடையில் வெள்ளைக்காரப் பெண் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. மூஸ் ஜா நகரில் ஓட்டல் வைத்திருந்த குவோங் விங் இரண்டு பெண்களைப் பரிமாற வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914-இல் தோற்றார். அவர் அப்போது குடியுரிமை பெற்ற பிரிட்டிஷ் பிரஜை என்பதும் உதவவில்லை.

சில குடும்பங்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கிறதாமே?

உண்மைதான். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயின. நான் இங்கேதான் பிறந்தேன் என்று பலர் சொல்லிக் குடியுரிமை பெற்றார்கள். ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு மகன் பிறந்தான் என்று பதிவு செய்தார்கள். பிறக்காத மகனின் இடத்தை அண்ணன் மகனுக்குக் கொடுத்தார்கள், சில சமயம் விற்றார்கள். இவர்களைக் காகித மகன்கள் என்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற்ற நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை நடந்த விசாரணையில் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? அப்பா சொன்னதும் மகன் சொன்னதும் பொருந்த வேண்டும். கப்பலில் வரும்போதே குறிப்பு எழுதி மனப்பாடம் செய்துவிட்டுக் கடலில் எறிந்துவிடுவார்கள். அப்படி வந்த பெயரில்தான் கடை லைசென்ஸ், அதே பெயர்தான் பேரப்பிள்ளைகளுக்கும்.

கடை வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கி கொடுத்ததா?

வங்கியாவது! சீட்டுதான். ஹுய் என்பார்கள். இருபது பேர் மாதம் இவ்வளவு என்று போடுவார்கள்; யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்டு எடுத்துக்கொள்வார். நம் ஏலச்சீட்டுக்கும் இதற்கும் பேர்தான் வேறு. ஏமாற்றிவிட்டு ஓடினால் வழக்கு வேண்டாம், தாய்ஷானில் அப்பா தலைகுனிவார். அந்தப் பயமே ஜாமீன்.

ஏன் ஊருக்கு ஒன்று மட்டும்? சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்திருக்கலாமே.

சோறு இருந்திருக்காது. ஐந்நூறு பேர் உள்ள ஊரில் இரண்டு கடை நடக்காது. ரயில் பாதை நெடுகப் புதிய ஊர்கள் முளைத்தபோது, ஒருவர் ஓர் ஊரில் நிலைத்ததும் வேலைக்கு வந்த தம்பி தொழில் கற்று அடுத்த ஸ்டேஷனில் கடை திறந்தார். அவரிடம் கற்றவர் அதற்கும் அடுத்ததில்.

பெயர்களைப் பாருங்கள்: ராயல் கஃபே, மாடர்ன் கஃபே, கிளப் கஃபே. டிராகனும் பகோடாவும் அப்புறம் வந்த அலங்காரம். பெண்டாட்டி இல்லாத குடியானவர்கள், ரயில்வேக்காரர்கள், கூலிகள் எல்லாரும் விடிகாலையிலிருந்து நடுராத்திரி வரை சாப்பிட வந்த இடம் அது. பாப்கார்ன், சிகரெட், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கேயே. குளிர் மைனஸ் முப்பதுக்குப் போகும் நாளில் ஊரில் விளக்கெரியும் ஒரே பொது இடம். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியும், அவர் பெயர் தெரியாது. பலரை 'சார்லி' என்றே கூப்பிட்டார்கள்.

மெனுவில் இருப்பது உண்மையான சீனச் சாப்பாடா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எதிர்கொள்கிறேன். சென்னையில் வண்டிக்கடை கோபி மஞ்சூரியனைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம்.

சாப் சுயி என்ற உணவின் பெயருக்குக் கன்டோனிய மொழியில் அதும் இதும், துண்டும் துணுக்கும் என்று பொருள். 1896-இல் சீன ராஜதந்திரி லி ஹுங்சாங் நியூயார்க் வந்தபோது அவர் சமையல்காரர் கண்டுபிடித்தது என்பார்கள். கட்டுக்கதை, அந்தப் பெயர் 1880களிலேயே அச்சில் வந்துவிட்டது. அவர் வருகையால் அது நாகரிகமானது என்பது வரை சரி.

எனக்குப் பிடித்த கதை ஸ்பிரிங்ஃபீல்டு முந்திரிக் கோழி. மிசௌரி மாநிலத்து ஊர் அது. டேவிட் லியோங் என்பவர் 1963-இல் லியோங்ஸ் டீ ஹவுஸ் திறந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோழி என்றால் மாவில் தோய்த்துப் பொரித்ததுதான். கிளறிய கோழியை வைத்தால் தொடமாட்டார்கள். சரி என்று கோழியைப் பொரித்தே எடுத்து, மேலே சிப்பி சாஸ் குழம்பை ஊற்றி, ஒரு பிடி முந்திரியும் வெங்காயத் தாளும் தூவினார். இன்றைக்கு அந்த ஊரில் சீன ஓட்டலாக இல்லாத கடைகளிலும் அது கிடைக்கும்.

ஆல்பர்ட்டாவின் கால்கரி நகரத்து இஞ்சி மாட்டிறைச்சியும் இப்படித்தான். 1970களின் நடுவில் சில்வர் இன் ஓட்டலில் ஜார்ஜ் வோங் செய்தது. மொறுமொறுப்பாகப் பொரித்த இறைச்சி நறுக்கில் இனிப்பும் காரமும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் சௌ மெய்ன், அதாவது வறுத்த நூடுல்ஸ், கேட்டால் நூடுல்ஸே இருக்காது. அந்தக் காலத்தில் அங்கே நூடுல்ஸ் வந்து சேராததால் முட்டைக்கோஸை நீள நீளமாகச் சீவிப் போட்டார்கள். பின்னால் நூடுல்ஸ் வந்தது. ஊர்க்காரர்கள் முட்டைக்கோஸ்தான் வேண்டும் என்றார்கள்.

அஜினமோட்டோ உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

1968-இல் ராபர்ட் ஹோ மேன் குவோக் என்ற மருத்துவர் ஒரு அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சீன ஓட்டலில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது. சோயா சாஸா, சமையல் மதுவா, உப்பா, அஜினமோட்டோவா என்று கேட்டார். இதழ் அதற்குச் 'சீன ஓட்டல் நோய்' என்று தலைப்பு வைத்தது. கேள்வி மறந்துபோயிற்று, தலைப்பு நின்றது. பிற்பாடு எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்ததில், வழக்கமான அளவில் சாப்பிடுகிறவர்களிடம் அப்படி நிலையான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே உப்பு சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கிறது, அங்கே யாருக்கும் கழுத்து மரத்துப்போவதில்லை. ஆனால் சிற்றூர்க் கடைகள் வாசலில் 'அஜினமோட்டோ கிடையாது' என்று எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

கடைக்குள் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்?

கடைசி மேஜையில். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் சமையலறைக் கதவை ஒட்டிய மேஜை வாடிக்கையாளருக்கு இல்லை. அதில் ஒரு பக்கம் கணக்கு நோட்டு, ஒரு பக்கம் பட்டாணிக் காய்க் கூடை. நாம் அவரைக்காய்க்கு நார் உரிப்பது மாதிரி உரித்துப் போட வேண்டும். அது முடிந்தால் வான்டன் மடிப்பது. உள்ளங்கையில் ஒரு சதுர மாவுத் தாள், நடுவே ஒரு சிட்டிகை பன்றிக் கொத்துக்கறி, ஓரத்தில் முட்டை ஈரம், மடித்து ஒரு திருகு. பீடி சுற்றும் கை மாதிரி, பார்க்காமலே ஓடும். ஐந்து மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கும். எடுப்பது பிள்ளைதான், ஆங்கிலம் அதற்குத்தான் தெரியும். வரி அலுவலகத்துக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொல்வதும் அதே பிள்ளைதான். பத்து வயதில்.

இங்கிலாந்தில் ஹாங்காங் கிராமங்களிலிருந்து 1950, 60களில் வந்து பார்சல் கடை வைத்த குடும்பங்களிலும் பிள்ளைகள் கவுன்டருக்குப் பின்னால்தான் வளர்ந்தார்கள். குடித்துவிட்டு வந்து கேலி செய்கிறவனுக்குச் சிரித்துக்கொண்டே சில்லறை கொடுக்க அங்கே சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

எந்த அப்பாவும் பிள்ளை கடையை எடுத்து நடத்த வேண்டும் என்று ஆசைப்படவில்லை. டாக்டராகு, கணக்காளராகு, இங்கே மட்டும் நிற்காதே என்பதுதான் பேச்சு.

இப்போதும் தாய்ஷான்காரர்கள்தான் வருகிறார்களா?

அமெரிக்காவில் 1980களிலிருந்து பெரும்பாலும் ஃபூஜியன் மாகாணத்து ஃபூசோ பக்கத்தவர்கள். ஆள் கடத்துகிறவர்களுக்குக் கடன்பட்டு வந்தவர்கள் பலர். 1993 ஜூனில் 'கோல்டன் வென்ச்சர்' கப்பல் நியூயார்க் கரையில் தரைதட்டியபோது அதில் 286 பேர். பத்துப் பேர் செத்தார்கள். தலைக்குச் சுமார் 30,000 டாலர் பேசி வந்தவர்கள்.

நியூயார்க்கின் சைனாடவுனில், மன்ஹாட்டன் பாலத்தடியில், வேலை பிடித்துக் கொடுக்கும் சின்னச் சின்ன அலுவலகங்கள் வந்தன. சுவரில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஊர்ப்பெயர் இருக்காது. போன் ஏரியா கோடு, மாதச் சம்பளம், பஸ் விவரம். அவ்வளவுதான். ஓஹியோவா டென்னசியா என்பது தேவையில்லை. அன்று ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் பெயர் தெரியாத ஊரில் இறங்கி, முதலாளி வேனில் ஏறி நேரே அடுப்படி. கைக்குழந்தையை ஃபூசோவில் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டுப் பள்ளி வயதில் திரும்ப வரவழைத்த தாய்மார்கள் நிறையப் பேர். வந்து இறங்கும் பிள்ளைக்கு அம்மா முகமே புதுசு.

பார்சல் கட்டித் தரும் அந்த மடக்குப் பெட்டி, உள்ளே பலன் சொல்லும் சீட்டு வைத்த ஜோசியப் பிஸ்கட்?

பெட்டி 1894-இல் சிகாகோக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கியது, சிப்பி வைக்க. பிஸ்கட் ஜப்பானியர்களுடையது. இரண்டும் சீனாவில் கிடையாது.

நம்மூரோடு ஏதாவது தொடர்பு?

உண்டு. ஊட்டியில் ஷின்கோஸ் 1954-லிருந்து இருக்கிறது. சீனக் குடும்பம், மலை ஊர், வெள்ளை மேஜைவிரிப்பு. கொல்கத்தாவில் குடியேறிய, ஹக்கா என்ற பிரிவைச் சேர்ந்த சீனர்கள் வேறு ஒரு கிளை. 1962 போரின்போது இந்தியா சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. குழந்தைகளும் கிழவர்களும் அதில் உண்டு. அதன் பிறகு பலர் நாட்டைவிட்டே போனார்கள், நிறையப் பேர் டொராண்டோவுக்கு. இன்றைக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் 'ஹக்கா' என்று போர்டு தொங்கும் கடையில் சில்லி சிக்கன் கேட்டு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள்.

பழைய கடைகள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மொன்டானாவில் பியூட் என்ற செம்புச் சுரங்க ஊரில் பெக்கின் நூடுல் பார்லர் 1911-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில். அமெரிக்காவில் தொடர்ந்து நடக்கும் மிகப் பழைய சீனக் குடும்ப ஓட்டல் என்பார்கள். மாடிப்படி ஏறிப் போனால் ஆரஞ்சு வண்ணப் பலகைத் தடுப்புகள், திரை போட்ட சிற்றறைகள். 2023-இல் அமெரிக்க ஓட்டல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. நிலத்தடிச் சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டு ஆயிற்று.

மற்ற ஊர்களில் கடையை விற்கப் போடுகிறார்கள். கண்ணீர்விட்டுக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். முதலாளிக்கு அறுபத்தெட்டு வயது, மூட்டுவலி, மகள் வான்கூவரில் பல் டாக்டர். கடை மூடுவதுதான் அந்தக் குடும்பம் போட்ட திட்டம். கனடா அரசு தலைவரிக்கு மன்னிப்புக் கேட்டது 2006-இல்; உயிரோடு இருந்தவர்களுக்கு 20,000 டாலர். கட்டியவர்களில் அப்போது மிஞ்சியிருந்தது சில பேர்.

அப்படி ஒரு கடைக்குப் போனால் என்ன கேட்டு வாங்குவது?

எலுமிச்சைக் கோழி, இனிப்புப் புளிப்புப் பன்றி எல்லாம் வாங்குங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணி வாக்கில் போய்ப் பாருங்கள். அந்தக் கடைசி மேஜையில் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கும். ஆவியில் வேகவைத்த மீன், உப்புக் கருவாட்டுத் துண்டு, பூண்டு போட்ட கீரை, வெறும் சோறு. மெனுவில் தேடாதீர்கள், இருக்காது. இரண்டாவது மூன்றாவது தடவை போனபின் கேட்டால், பாட்டி ஒருமுறை உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு ஒரு கிண்ணம் எடுத்துவரச் சொல்வார்.